விரிக்க மானியம் உண்டு, சுருட்ட நாதி உண்டா?



தக்காளிக் காடு, மிளகாய்க் காடு, தர்பூசணிக் காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்றைக்கு வெயிலில் பளபளவென்று மின்னுவது மல்ச்சிங் ஷீட்டுதான். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நிலப்போர்வை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நல்ல பேர்தான். ஆனால் போர்வை என்றால் விடிந்ததும் மடித்து வைக்க வேண்டும். இந்தப் போர்வையை மடிப்பது யார்? மடித்ததை எங்கே வைப்பது? அதற்கு ஆகிற கூலியைக் கொடுப்பது யார்? இந்த மூன்று கேள்விக்கும் விற்கிற கம்பெனியிடமும் பதில் இல்லை, மானியம் கொடுக்கிற அரசாங்கத்திடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி எல்லாம் கிழிந்த பிளாஸ்டிக்காக நம்ம மண்ணுக்குள்ளே போய்ச் சேருகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பிரசுரம்.

நல்லதை மறைக்க வேண்டியதில்லை

ஷீட்டு போட்டால் பலன் இல்லை என்று நம் சங்கம் சொல்லவில்லை. சொன்னால் போட்டுப் பார்த்த விவசாயி சிரிப்பான். வெயிலில் ஆவியாகிப் போகிற ஈரம் பாத்தியிலேயே நிற்கிறது. சொட்டுநீர்க் குழாயை அடியில் போட்டு மேலே ஷீட்டு விரித்தால் கிணற்றுத் தண்ணீர் கூடுதல் நாள் வருகிறது. வெளிச்சம் படாததால் களை முளைக்காது. மேல் பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் வெயிலைத் திருப்பி அடிக்கும். அந்த மினுமினுப்பில் வெள்ளை ஈ, பேன், அசுவினி எல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் விலகி நிற்கும். காய் மண்ணில் படாது, அழுகல் குறையும்.

களை எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில், கிடைத்தாலும் கூலி கட்டாத காலத்தில், நம்மாளு ஷீட்டை நாடினான் என்றால் அதில் என்ன தப்பு? தக்காளி விலை கிலோ 5 ரூபாய்க்கு இறங்குகிற அன்றைக்கு எந்தச் செலவைக் குறைப்பது என்று தவிக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

கூடவே சில கெடுதலும் உண்டு என்பது போட்டவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் கருப்புப் பக்கத்தை மேலே போட்டால் ஓட்டை வாயில் நாற்றின் தண்டு வெந்து போகும். கோரைக்கு ஷீட்டு ஒரு பொருட்டே இல்லை, ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். மேல் மண்ணிலேயே ஈரம் நிற்பதால் வேர் ஆழம் போகாமல் மேலேயே பரவுகிறது. ரெண்டு நாள் மோட்டார் ஓடவில்லை என்றால் செடி துவண்டு போகிறது. மூடிய மண்ணில் சூடும் ஈரமும் சேர்ந்து இருக்கிற மக்குச் சத்து வேகமாகக் கரைகிறது. மேலே மூடிவிட்டதால் தழையோ சாணமோ புதிதாக உள்ளே போக வழியில்லை. இதெல்லாம் கவனமாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத கேடு அறுவடை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மண்ணுக்குள் தங்குகிற கால் பங்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் எடுத்து நீங்களே போடலாம்.

4 அடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் தடிப்பு உள்ள ஒரு ரோல் ஏறக்குறைய 11 கிலோ இருக்கும். பாத்திக்குப் பாத்தி 5 அடி இடைவெளி விட்டால் ஒரு ஏக்கருக்கு 7 ரோல் வரை பிடிக்கும். ஆக, ஒரு ஏக்கரில் நாம் விரிப்பது 70 முதல் 75 கிலோ பிளாஸ்டிக்.

காற்றில் தூக்காமல் இருக்க ரெண்டு பக்கமும் அரை அரை அடியை மண்ணுக்குள்ளே புதைக்கிறோம். 4 அடியில் 1 அடி. அதாவது கால் பங்கு. பயிர் முடிந்து ஷீட்டை இழுக்கும்போது என்ன நடக்கிறது? வெயிலில் காய்ந்து நைந்த ஷீட்டு மண் விளிம்பில் டர்ரென்று கிழிகிறது. மேலே இருக்கிற முக்கால் பங்கு கைக்கு வரும், புதைந்த கால் பங்கு மண்ணிலேயே தங்கும். அப்படியே தங்கினால் ஏக்கருக்கு 18 கிலோ. அதை யாரும் தோண்டி எடுப்பதில்லை. அடுத்த வாரம் ரோட்டவேட்டர் வருகிறது. 18 கிலோவையும் சுக்கு நூறாக வெட்டி, ஒரே சீராக மண்ணோடு கலந்துவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அதை எடுக்க மனுசனால் ஆகாது. இந்தப் பிளாஸ்டிக் பாலித்தீன், நம் ஆயுசுக்குள் மக்காது.

கடையில் 25 மைக்ரான் என்று சொல்லி அதைவிட மெலிசான சரக்கைத் தலையில் கட்டினால்? இல்லை, காசைப் பார்த்து ஒரே ஷீட்டில் மூணு பயிர் ஓட்டினால்? அப்போது முக்கால் பங்குகூட முழுசாக வராது.

தங்கினது என்ன செய்யும்?

நீர் இறங்குகிற பாதையில் பிளாஸ்டிக் துண்டு படுக்கையாகக் கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேர் முட்டித் திரும்பும். மண்ணில் காற்றோட்டம் குறையும். மேய வருகிற ஆடு மாடு காய்ந்த கொடியோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கும்.

இது வெறும் பேச்சு இல்லை. உலகம் முழுக்க நடந்த வயல் ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்து 2020இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஷீட்டு போட்ட அந்தப் பருவத்தில் மகசூல் சராசரியாக 25 முதல் 42 சதவீதம் கூடுகிறது என்று அது சொல்கிறது. நாமும் அதைத்தான் மேலே ஒப்புக்கொண்டோம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. மண்ணில் தங்குகிற ஷீட்டுத் துண்டு எக்டேருக்கு 100 கிலோ கூடக் கூட, மகசூல் சராசரியாக 3 சதவீதம் குறைகிறது. வேரின் எடை 5 சதவீதம் குறைகிறது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்குகிற வேகம் 8 சதவீதம் குறைகிறது. பயிருக்குக் கிடைக்கிற மணிச்சத்து 5 சதவீதம் குறைகிறது.

எக்டேருக்கு 100 கிலோ என்றால் ஏக்கருக்கு 40 கிலோ. நம்ம கணக்குப்படி ரெண்டு தடவை விரித்துக் கால் பங்கை மண்ணில் விட்டால் 36 கிலோ ஆகிவிடுகிறது! ஆயிரம் பெட்டி தக்காளி எடுக்கிற காட்டில் 30 பெட்டி கிட்ட போச்சு. பத்துத் தடவை விரித்தால் 180 கிலோ. அந்தச் சராசரி அப்படியே பொருந்தினால் 130 பெட்டிக்கு மேல் போச்சு. ஷீட்டால் வந்த லாபம் அந்தந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். நட்டமோ நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நம்ம பிள்ளைகள் கைக்குப் போகும். பட்டாவில் எழுதாத கடன் இது!

சீனாக்காரன் பட்ட பாடு

இந்த வழியில் நமக்கு முன்னால் போனவன் சீனாக்காரன். 1970களின் கடைசியில் ஜப்பானில் இருந்து இந்த முறையை வாங்கினான். பருத்தி, மக்காச்சோளம், காய்கறி என்று எல்லாவற்றுக்கும் விரித்தான். வருசத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் ஷீட்டு போடுகிற நாடாக ஆனான். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் அங்கே பல வருசம் விதிப்படியே 8 மைக்ரான் மெலிசு ஷீட்டுதான். எடுக்கும்போது கையோடு வராது. சின்சியாங் பருத்திக் காடுகளில் மண்ணைக் கிளறினால் பிளாஸ்டிக் என்கிற நிலைமை வந்தது. ‘வெள்ளை மாசு’ என்று அதற்கு அந்த ஊரிலேயே பேர் வைத்துவிட்டார்கள்.

பட்ட பிறகு புத்தி வந்தது. 2018 மே மாதத்தில் இருந்து குறைந்தபட்சத் தடிப்பை 10 மைக்ரானாக உயர்த்தினார்கள். 2020 செப்டம்பரில் இன்னொரு விதி கொண்டுவந்தார்கள். ஷீட்டு செய்கிறவன், விற்கிறவன், விரிக்கிறவன் மூணு பேருக்கும் பழைய ஷீட்டைத் திரும்பச் சேர்க்கிற பொறுப்பு உண்டு என்று சட்டமாகவே போட்டார்கள். நாற்பது வருசம் மண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகு வந்த விதி இது. நாமும் நாற்பது வருசம் காத்திருக்க வேண்டுமா?

விதி யாருக்காக?

விவசாயத்தில் பிளாஸ்டிக்கைப் பரப்ப மத்திய அரசு 1981இல் ஒரு தேசியக் குழு அமைத்தது. எந்த அமைச்சகத்தின் கீழ் தெரியுமா? விவசாய அமைச்சகம் இல்லை! பெட்ரோலியம், ரசாயனம், உரம் அமைச்சகத்தின் கீழ்! 1993இல்தான் அது விவசாயத் துறைக்கு மாறியது. பிளாஸ்டிக்கு யார் சரக்கு, முதலில் யார் கவலைப்பட்டார்கள் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பிறகு மானியம் வந்தது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்துக்கு 2014இல் வந்த வழிகாட்டு விதியில், நிலப்போர்வைக்கு எக்டேருக்கு 32,000 ரூபாய் செலவு, அதில் பாதி 16,000 ரூபாய் மானியம், ஒரு விவசாயிக்கு 2 எக்டேர் வரை என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் அந்தக் கணக்கில் ஷீட்டை எடுக்கிற செலவுக்கு என்று ஒரு ரூபாய் உண்டா? விரித்ததைப் போட்டோ எடுக்க வருகிறார்கள். எடுத்ததைப் பார்க்க யார் வருகிறார்கள்? மானியப் பணம் நம்ம பேரில் வந்து நேராக ஷீட்டுக் கம்பெனிக்குப் போகிறது. குப்பை மட்டும் நம்ம பேரிலேயே நிற்கிறது!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்தப் பட்டியலில் சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு. சரியான முடிவுதான். சோறு திங்கிற மேசையில் பிளாஸ்டிக் தாள் கூடாது. ஆனால் அந்தச் சோற்றுக்குக் காய் விளைகிற மண்ணில் கிழிந்து கலக்கிற பிளாஸ்டிக் தாளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கடைக்குப் போகிறவனுக்கு மஞ்சப்பை, காட்டுக்குப் போகிறவனுக்குப் பிளாஸ்டிக் பாயா?

பொருள் கட்டி வருகிற பிளாஸ்டிக் உறைகளுக்கு உற்பத்தி செய்கிறவனே திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டது. பிஸ்கட் உறைக்குப் பொறுப்பாளி இருக்கிறான். நம்ம காட்டு ஷீட்டு ‘உறை’ என்கிற கணக்கில் வராது, அதனால் அந்த விதியும் அதைத் தொடாது.

சரி, வரப்பில் போட்டுக் கொளுத்தலாம் என்றால்? அந்தப் புகை நம்ம பிள்ளை நுரையீரலுக்குத்தான் போகும். அது மட்டுமா? திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால், “மண்ணு ஒட்டியிருக்கு, வேண்டாம்ணே” என்று திருப்பி அனுப்புகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, பாதி எடைக்கு மண்தான் இருக்கும். விட்டால் மண் கெடும், எரித்தால் அபராதம், விற்றால் வாங்க ஆள் இல்லை. விவசாயி என்னதான் செய்வான்?

காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்!

அரசாங்கத்துக்கு வழி தெரியாமல் இல்லை. மலையில் பாட்டிலைப் போட்டு உடைக்கிறார்கள், காட்டு விலங்கு காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டது. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தருகிற முறை வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துப் போட்ட பாட்டிலைத் திரும்பச் சேர்க்க முடிகிற அரசாங்கத்துக்கு, சோறு போடுகிற விவசாயி காட்டில் கிடக்கிற ஷீட்டைத் திரும்பச் சேர்க்க முடியாதா? மனம் இருந்தால் முடியும். மனம் வர வைப்பது நம்ம வேலை.

‘மக்கும் ஷீட்டு’ என்று வருவான், ஏமாறாதீர்!

இது மண்ணோடு மண்ணாகப் போய்விடும், எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி விற்பவன் வருவான். ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, சாதாரணப் பாலித்தீனிலேயே ஒரு மருந்தைக் கலந்து வெயிலில் சீக்கிரம் பொடியாகும்படி செய்வது. பொடியானால் மக்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே மண்ணில் இருக்கும். இந்த வகையை ஐரோப்பிய நாடுகள் 2021 ஜூலை முதல் தடை செய்துவிட்டன.

இன்னொன்று, மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் தின்று தீர்க்கிற மாதிரி செய்த உண்மையான மக்கும் ஷீட்டு. ஐரோப்பாவில் 2018இல் இதற்குத் தரவிதி எழுதினார்கள். மண்ணில் ரெண்டு வருசத்துக்குள் 90 சதவீதம் கரிவாயுவாக மாற வேண்டும் என்பது அந்த விதி. அப்படிப்பட்டது விலை அதிகம். நம்ம ஊர் மண்ணிலும் வெயிலிலும் அது எப்படி என்று வேளாண் பல்கலைக்கழகம் சோதித்துச் சொல்ல வேண்டும். சான்று காட்டாமல் வாய்ச் சொல்லில் ‘மக்கும்’ என்பவனிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

“அப்போ ஷீட்டே வேண்டாம்கிறீங்களா?”

கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நேராகவே சொல்லிவிடுவோம். தடை கேட்டு நாம் போராடவில்லை. களைக்கு ஆள் இல்லாத விவசாயியிடம் ஷீட்டைப் பிடுங்கிவிட்டு வேறு வழி சொல்லாமல் போனால் அவன் களைக்கொல்லிக்குப் போவான். அது வேறு ஒரு விஷம். ஷீட்டு போடுகிறவன் போடட்டும். போட்டது முழுசாக வெளியே வரட்டும். வெளியே வந்ததை விற்றவன் எடுத்துக்கொண்டு போகட்டும். எடுக்கிற கூலியில் அரசாங்கம் பங்கு தரட்டும். இதுதான் நம்ம வாதம்.

அதோடு, இயற்கை மூடாக்குக்கும் அதே மரியாதை வேண்டும். கரும்புச் சோகை, தென்னை மட்டை, நிலக்கடலைத் தொலி, மக்காச்சோளத் தட்டை எல்லாம் மூணு நாலு அங்குலம் போட்டால் ஈரமும் காக்கும், களையும் அடங்கும், மக்கி மண்ணுக்கு உரமும் ஆகும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் தக்காளியில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2001இல் எழுதினார்கள். மழை பெய்தபோது பிளாஸ்டிக் போட்ட பாத்தியில் இருந்து, செடி மூடாக்குப் போட்ட பாத்தியைவிட 2 முதல் 4 மடங்கு தண்ணீர் வழிந்து ஓடியது. அடித்துக்கொண்டு போன மண் 3 மடங்குக்கும் மேல். ஐப்பசி அடைமழை தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சோகை அள்ள வண்டி வாடகை, பரப்ப ஆள் கூலி, கரையான் தொல்லை எல்லாம் உண்டுதான். வைக்கோலை மாட்டுக்குக் கொடுப்பதா, மண்ணுக்குக் கொடுப்பதா என்கிற கஷ்டமும் உண்டு. அதனால்தான் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கிற மானியத்தை இதற்கும் கொடு என்கிறோம்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது

அரசாங்கம் வருகிறவரைக்கும் மண் காத்திருக்காது. ஆகவே சங்க உறுப்பினர்கள் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

குறுகிய காலப் பயிருக்கு 25 மைக்ரான், ஒரு வருசம் நிற்கிறதுக்கு 50, பல வருச மரப்பயிருக்கு 100 என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு. அதற்குக் கீழே மெலிசு வாங்காதீர்கள். வாங்கும்போது ரோலை எடை போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 11 கிலோவுக்கு ரொம்பக் குறைந்தால் மைக்ரான் பொய்.

பயிர் முடிந்ததும் செடியை அடியோடு அறுத்துச் சொட்டுநீர்க் குழாயை உருவிவிட்டு, பாத்தியின் ரெண்டு ஓரத்திலும் மண்வெட்டியால் மண்ணைத் தளர்த்திய பிறகு ஷீட்டைச் சுருட்டுங்கள். காய்ந்து இறுகிய மண்ணில் இழுத்தால் கிழியும், லேசான பதம் இருக்கும்போது இழுத்தால் வரும். நைந்து போகிறவரை விட்டு வைக்காதீர்கள்.

ஷீட்டு எடுக்காத காட்டில் ரோட்டவேட்டர் இறக்கவே கூடாது. டிராக்டர் ஓட்டுகிற தம்பிகளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. நிலப்போர்வை மானியத்தை விரிக்கப் பாதி, எடுத்துக் காட்டிய பிறகு பாதி என்று பிரிக்காதே! விரிக்கிற மானியத்தைக் குறைக்காமல், எடுக்கிற கூலிக்குத் தனித் தொகை கொடு!

2. தடிப்புக் குறைந்த ஷீட்டை விற்கிற கம்பெனியை மானியப் பட்டியலில் இருந்து நீக்கு! ஒவ்வொரு ரோலிலும் மைக்ரானும் எடையும் அச்சிட வை!

3. ஒவ்வொரு வட்டாரத்திலும் பழைய ஷீட்டு வாங்கும் மையம் திற! மண் ஒட்டியிருந்தாலும் கிலோவுக்கு விலை போட்டு வாங்கு! செலவை ஷீட்டுக் கம்பெனிகளிடம் வசூல் செய்!

4. உறைப் பிளாஸ்டிக்குக்கு இருக்கிற உற்பத்தியாளர் பொறுப்பு விதியை விவசாய ஷீட்டுக்கும் விரிவாக்கு!

5. சோகை, மட்டை, தழை மூடாக்குக்கும் சமமான மானியம் கொடு!

6. மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு பிளாஸ்டிக் துண்டு எவ்வளவு என்றும் பார்த்து எழுது!

விவசாயத் தோழர்களே!

அடுத்து வருகிற கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையில் இருந்தும் ஒரு சாக்கு பழைய ஷீட்டு வர வேண்டும். தேதியைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். வீட்டுப் பெண்கள் கட்டாயம் வர வேண்டும். காட்டில் குனிந்து குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்குகிறவர்கள் அவர்கள்தான், அதிகாரி முன்னால் பேச வேண்டியதும் அவர்கள்தான். மூட்டையை எங்கேயும் கொட்ட மாட்டோம், எரிக்க மாட்டோம். அமைதியாக வரிசையில் வைத்து, எடை போட்டு, எத்தனை கிலோ என்று எழுதி ரசீது கேட்போம். ‘இதை வாங்கிக்கொள்ள உங்களிடம் இடம் உண்டா, இல்லையா?’ என்று எழுத்தில் பதில் கேட்போம்.

மானியம் கொடுத்து விரித்தவனே, மூட்டையை வாங்கிக்கொள்!

லாபம் கம்பெனிக்கு, குப்பை விவசாயிக்கா?

மண்ணைக் காப்போம்! மகசூலைக் காப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்